கம்மல் இல்லாத வேங்கைகள்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

இதுதான் டேப்லெட். சார்ஜர் ஒயரைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். இது நம் பகுதி விவசாயிகள் பட்டியல், நூற்று நாற்பத்திரண்டு பேர். "புதுசா வர்றவருக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்று வனவர் சொல்லியிருக்கிறார். சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் டேப்லெட்டைப் பழக உங்களுக்கு அரை மணி நேரம் போதும், என்னைவிட நீங்கள் வேகமாகத்தான் இருப்பீர்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. பட்டியலில் அறுபத்து மூன்றாவது பெயருக்கு மேல் சிவப்புக் கோடு இருக்கிறது, பார்த்தீர்களா? வெள்ளைக்கண்ணு. அவரைப் பற்றி. வேறு யாராவது வேறு மாதிரி உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

திட்டம் உங்களுக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொந்த நிலத்தில் மரம் வளர்க்க விரும்புகிறவருக்கு அரசு இலவசமாகக் கன்று கொடுக்கும். ஒரு வருடம் கழித்து நாம் போய் எண்ணுவோம். நூற்றுக்கு எழுபத்தைந்து உயிரோடு இருந்தால் இரண்டாம் கட்டம். சொட்டுநீர்க் குழாய் கிடைக்கும், மரங்கள் அரசுப் பதிவேட்டில் ஏறும், நாளைக்கு வெட்டி விற்கும்போது அனுமதிக்காக அலைய வேண்டியதில்லை. காட்டில் கை வைக்காமல் நாட்டுக்கு மரம் வேண்டும் என்றால் இப்படித்தான் வயலில் வளர்த்து, அளவாக வெட்டி, வெட்டிய இடத்தில் மறுபடி நட வேண்டும். நல்ல திட்டம். கல்லூரிக் கடைசி வருடத்தில் நான் கட்டுரை எழுதியதே இதைப் பற்றித்தான். இப்போதும் கேட்டால் நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன்.

ஒவ்வொரு கன்றோடும் எண் போட்ட நீலப் பட்டை ஒன்று வரும், தண்டில் கட்டுவது. ஆட்டுக்குக் காதில் மாட்டுவார்களே, அதே மாதிரி இருப்பதால் ஊரில் எல்லோரும் அதைக் கம்மல் என்பார்கள். நாம் போய் அந்தப் பட்டையைப் படம் எடுக்க வேண்டும். எண் பொருந்தினால் டேப்லெட் பச்சை காட்டும். இலை இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை. அவ்வளவுதான் கேள்வி.

வெள்ளைக்கண்ணுவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இரண்டரை ஏக்கர். அது அவருக்கும் அவர் தம்பி பழனிவேலுவுக்கும் பொது நிலம், இன்னும் பிரிக்கவில்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார். பதினைந்து வருடம் அந்த நிலத்தில் தைலமரம் நின்றது, ஒரு காகிதக் கம்பெனிக்குக் குத்தகை. சுற்றிலும் கிணறெல்லாம் வற்றிப்போனதைப் பார்த்துவிட்டு, குத்தகை முடிந்ததும் வெள்ளைக்கண்ணு இனி தைலமரம் வேண்டாம் என்றார். தம்பிக்கு அதில் இஷ்டமில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அரசாங்கத் திட்டம் இரண்டாம் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் தம்பி தலையிட மாட்டார். எடுக்காவிட்டால் கார்த்திகை ஒன்றாம் தேதி நிலம் மறுபடி கம்பெனிக்கு. இதையெல்லாம் அவர் என்னிடம் முதலிலேயே சொன்னார். நான் எதுவும் தெரியாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்.

நானூறு கன்று கொடுத்தோம், தேக்கும் வேங்கையும். கொடுத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? மழை நின்று மூன்று வாரம் கழித்து லாரி வந்தது. பாதிக் கன்றுகளுக்கு வேர் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அது என் பொறுப்பில் இல்லை. அப்போது நான் வேலைக்குச் சேரவே இல்லை.

ஐப்பசியில் எண்ணப் போனேன். தூரத்திலிருந்து பார்க்கும்போதே சந்தோஷமாக இருந்தது. வரிசை வரிசையாகப் பச்சை, ஒரு குழிகூடக் காலி இல்லாத மாதிரி. அவர் மனைவி சிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி. எண்ணு, நல்லா எண்ணு. கட்டுனவளுக்கு ஒரு பொட்டுக் கம்மல் வாங்கித் தரல இந்த மனுசன். செடிக்கெல்லாம் கம்மல் போட்டு வச்சு அழகு பாக்குறாரு."

"எல்லாத்துக்கும் போடலயே" என்றார் வெள்ளைக்கண்ணு.

எனக்கு அப்போது புரியவில்லை. நான்காவது கன்றிலேயே புரிந்தது. பட்டை இல்லை. ஐந்தாவதிலும் இல்லை. ஆறில் இருந்தது. மொத்தம் முடிக்கும்போது பட்டை உள்ளவை இருநூற்றுப் பதினொன்று. பட்டை இல்லாமல் முழங்கால் உயரத்துக்கு நின்றவை நூற்று எண்பத்தேழு. அவை எல்லாமே வேங்கை.

"இதெல்லாம் என்னங்கய்யா?"

"நீங்க குடுத்ததுல சித்திரையில ஒரு பக்கமா காஞ்சுபோச்சுத்தா. விட்டுருவனா? கோயில்காட்டு வேங்கையில நெத்து பொறுக்கியாந்து மாசியிலயே பையில போட்டு வச்சிருந்தேன். ஆடியில மழை விழவும் செத்த குழியில எல்லாம் அதத் தூக்கி வச்சேன். இந்த மண்ணுல மொளச்சது பாரு, ஒண்ணுகூடச் சாவல."

"பட்டை எங்கே? செத்த கன்றோட பட்டை?"

வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே நீலப் பட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டுப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தார்.

"பத்திரமா இருக்கு."

"இதை இந்தக் கன்றுல கட்டலையா?"

"அதெப்படித்தா கட்டுறது? செத்ததோட நம்பரு செத்ததுக்கு. இது வேற பிள்ளையில்ல?"

இப்போது யோசித்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்த மனிதர் நட்ட அன்றைக்கே கட்டியிருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். எல்லாம் பச்சை, நூற்றுக்கு நூறு. பக்கத்து நிலத்துத் துரைமாணிக்கம் என்ன செய்தார், கேளுங்கள். அவருடைய நானூறும் இடுப்பு உயரத்தில் நின்றன. எல்லாவற்றிலும் பட்டை. தூரில் மண் மட்டும் புதிதாகக் கொத்தியது போல் ஈரமாக இருந்தது. முந்தைய வாரம் ஒரு வேன் வந்து இறக்கிவிட்டுப் போனதாக டீக்கடையில் பேச்சு. ஆனால் டேப்லெட்டில் மண்ணைப் பற்றிக் கேள்வி இல்லையே. பட்டை இருக்கிறதா, இருக்கிறது. இலை இருக்கிறதா, இருக்கிறது. அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார், நான் குடிக்கவில்லை. வெள்ளைக்கண்ணு வீட்டில் மோர் கொடுத்தார்கள், அதையும் குடிக்கவில்லை. எனக்கு எல்லோரும் ஒன்றுதான்.

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைக்கண்ணு இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நின்றார், உட்காரவில்லை. கையில் அந்த டப்பா. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"தாயி, இத எடுத்துக்கிட்டுப் போயி அதுகள்ல கட்டிட்டா… நீ நாளைக்கு ஒருக்கா வந்து படம் புடிச்சுக்கிர்றியா?"

"நேத்து நான் கண்ணால பார்த்துட்டேனே, ஐயா. இப்ப கட்டினா அது பொய்யில்லையா?"

"பொய்தான்" என்றார்.

"நீங்களே செத்ததோட நம்பர் செத்ததுக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன்த்தா. கேட்டுப் பாக்கலாமேன்னு வந்தேன். தப்பா நெனச்சுக்காத."

டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இது ஒப்பந்த வேலை. என் வீட்டில் கையெழுத்துக்குக் கீழே பதவியின் பெயர் எழுதிய முதல் ஆள் நான். என் அம்மா அந்த நியமனக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நான் ஒவ்வொரு பதிவையும் அனுப்புவதற்கு முன்னால் மூன்று தடவை படிப்பேன். ஒரே ஒரு எண் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு எனக்குச் சாப்பிடும்போதும் இருக்கும்.

வனவர் அந்தோணிராஜ் சார் பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்கண்ணு போனதும் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அவருடையதை மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பாதீங்க. நான் மேல கேட்டுச் சொல்றேன்."

"நாளைக்குக் கடைசி நாள் சார்."

"தாமதம்னு ஆரஞ்சுல காட்டும். காட்டிட்டுப் போவுது. தலையா போயிரும்?"

தலை போகாது. ஆனால் ஆரஞ்சு காட்டுவது யார் பெயருக்கு நேராக? என் பெயருக்கு நேராக. மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் பட்டியலைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவும் போகட்டும். "மேல கேட்டுச் சொல்றேன்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் அப்பா ஒரு பட்டாவுக்காக நான்கு வருடம் நடந்தார். ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். ஏதோ உள்ளுக்குள் ஏற்பாடு நடக்கப்போகிறது, அதில் என் கையெழுத்தும் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன். சார் அப்படிப்பட்டவரா என்று கேட்டால், இல்லை. அவர் அப்படி எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

அன்று மாலை ஐந்தேகால் மணிக்கு அனுப்பினேன். மூன்று தடவை படித்துவிட்டுத்தான். நானூற்றுக்கு இருநூற்றுப் பதினொன்று. நூற்றுக்கு ஐம்பத்து மூன்று. தகுதி இல்லை. அனுப்பிவிட்டால் அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும், பிறகு நம்மால் திறக்க முடியாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேறு மாவட்டங்களிலும் இதே சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். இறந்த கன்றுக்குப் பதிலாக அதே குழியில் விவசாயி தானே வளர்த்து நட்ட நாட்டுமரக் கன்று இருந்தால், இறந்த கன்றின் எண்ணிலேயே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமாம். பழைய பட்டையைக் கட்டினாலே போதுமாம். சார் அதை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். "படிச்சுப் பாருங்கம்மா" என்றார். டீ குடிக்கப் போய்விட்டார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நீங்களே சொல்லுங்கள், இதில் என் தவறு என்ன? நாலு நாள் முன்னால் அனுப்ப வேண்டிய சுற்றறிக்கையைக் கடைசி நாள் முடிந்த பிறகு அனுப்புகிறார்கள். அரசாங்கம் உதவி செய்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. கன்று கொடுக்கிறது, குழாய் கொடுக்கிறது. மழை போன பிறகு கன்று, எண்ணி முடித்த பிறகு விதி. இதைக் கேட்க யாரும் இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். மூன்று தடவை போனேன். கணினிப் பிரிவில் இருந்தவர் நல்லவர்தான், உட்காரச் சொல்லிப் பேசினார்.

"லாக் ஆயிருச்சுங்க. அடுத்த கணக்கெடுப்புல பாத்துக்கலாம்."

"அடுத்த கணக்கெடுப்பு எப்ப சார்?"

"அடுத்த ஐப்பசி."

"அது வரைக்கும் மரம்?"

"மரம் எங்கங்க போயிரப் போவுது? அங்கேயேதான நிக்கும்."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன செய்வது?

ஐப்பசி இருபத்தெட்டாம் தேதி வெள்ளைக்கண்ணு போன் செய்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போ தாயி" என்றார். போனேன். சுற்றறிக்கையின் நகலையும் எடுத்துக்கொண்டு போனேன், அவருக்குப் படித்துக் காட்டலாம் என்று. வரப்பில் நின்றுகொண்டு படித்துக் காட்டினேன். அவர் முழுதும் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு டப்பாவோட வந்தேனே, அது பொய்யில்லயா?"

"இப்போ இல்லை. அன்றைக்குப் பொய்தான்" என்றேன். அது சரியான பதில்தான். சந்தேகம் இருந்தால் சுற்றறிக்கையின் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

சிட்டு எதையோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் வெள்ளைக்கண்ணு தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். நான் விவரம் சொன்னேன். தம்பி கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகவே கேட்டார்.

"எங்க அண்ணன் இருவது வருஷமா எல்லார்கிட்டயும் ஏமாந்துக்கிட்டே இருக்காருங்க. ஃபெயில்னு போட்டது நீங்கதான?"

"ஆமா. ஆனால் இப்போ விதி மாறியிருக்கு."

"மாறுனா சரி. அப்ப ஒண்ணு பண்ணுங்க. மொத்தம் இத்தன மரம் நிக்குதுன்னு ஒரு தாள்ல எழுதி, உங்க பேரு போட்டு அண்ணன்கிட்ட குடுங்க. அவரு அத போட்டோ புடிச்சு அனுப்பட்டும். கம்பெனிக்காரன்கிட்ட காட்டி ஒரு வருஷம் தள்ளிப் போடுறேன். அடுத்த வருஷம் நீங்க எண்ணும்போது பாத்துக்குவோம்."

"அவ்வளவுதாம்ப்பா, அவ்வளவுதான்" என்றார் வெள்ளைக்கண்ணு. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எண்ணு தாயி. இன்னொருக்கா எண்ணு. நானும் கூட வர்றேன்."

எண்ணினோம். மூன்று பேரும் வரிசை வரிசையாக. அவர் ஒவ்வொரு கன்றையும் தொட்டுத் தொட்டு ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். பட்டை உள்ளதா இல்லாததா என்று அவர் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். பழக்கம். கடைசிக் குழியில் நின்று "முன்னூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரெண்டே ரெண்டு குழிதான் காலி.

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். எழுத உட்கார்ந்தேன்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அரசுப் பதிவில் என் பெயரில் இருப்பது இருநூற்றுப் பதினொன்று. அதே நிலத்துக்கு என் கையால் முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதிக் கொடுத்தால், ஒரே நிலத்துக்கு என் பெயரில் இரண்டு எண் ஆகிவிடும். அந்தத் தாள் ஒரு கம்பெனிக்குப் போகப்போகிறது. யார் யார் கையில் போகும் என்று தெரியாது. நாளைக்கு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கணக்கு பொய் என்று கேட்டால்? சான்று கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஒப்பந்தப் பணியாளர் எந்தச் சான்றும் கொடுக்கக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் ஒன்பதாவது நிபந்தனையில் இருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கும், பாருங்கள். ஆனால் அவருக்கு ஒன்றும் கொடுக்காமல் வரவும் மனம் இல்லை. பொய் இல்லாமல், விதியும் மீறாமல், அவருக்கும் உதவுகிற மாதிரி எப்படி எழுதுவது என்று யோசித்தேன். கால் மணி நேரம் யோசித்து எழுதினேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. சிட்டு எட்டாவது வரை படித்தவர். வாங்கிப் படித்தார்.

"எண் பட்டை உள்ளவை இருநூற்றுப் பதினொன்று. எண் பட்டை இல்லாதவை நூற்று எண்பத்தேழு. இது அலுவலகச் சான்று அல்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பேரு போடலயா?"

"பேர் போட்டால் சான்று ஆகிடும்மா."

"மொத்தம்?"

"அதான் ரெண்டும் இருக்கே. கூட்டிக்கலாம்."

"அவன் மொத்தம்தான கேட்டான்?"

"விடுறி. பிள்ளைக்கு வேலை போயிரும்" என்றார் வெள்ளைக்கண்ணு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

சிட்டு தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார். "நீயே வச்சுக்க தாயி. இது ஒனக்குத்தான் வேணும்."

கார்த்திகை இரண்டாம் தேதி டிராக்டர் இறங்கியது. நான் போகவில்லை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உழுது முடித்து, தைலமரக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் மழை நாளில் சரியாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கண்ணு குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். துரைமாணிக்கம் வயலுக்குச் சொட்டுநீர்க் குழாய் வந்து இறங்கியிருந்தது. பட்டை கட்டிய கன்றுகளில் பாதி காய்ந்து நின்றன, ஆனால் அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். அவருடைய பதிவும் பூட்டியாகிவிட்டது.

என்னை ஏன் மாற்றுகிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தண்டனை இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். இந்த மாவட்டத்தில் ஒரு பதிவுகூடத் தாமதம் இல்லாமல் அனுப்பியது நான் ஒருத்திதான். அதற்காக மாவட்ட அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்கு எடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தோணிராஜ் சார்கூட வாழ்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இரவெல்லாம் ஒன்றும் யோசிப்பதில்லை. பகலில்தான், சும்மா பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று முதலிலிருந்து பார்ப்பேன். கன்று வந்த தேதி, எண்ணிய தேதி, அனுப்பிய தேதி, சுற்றறிக்கை தேதி. என் பக்கம் வரும்போது எல்லாம் சரியாகவே இருக்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

இதோ, அந்தத் தாள். வாங்கிப் பாருங்கள், பரவாயில்லை. என் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கும். நீங்களும் படித்தவர். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். இரண்டையும் கூட்டுங்கள். முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு வருகிறதா? அன்றைக்கு அங்கே நின்றது அத்தனையும் அதில் இருக்கிறது, ஒரு கன்றைக்கூட நான் விடவில்லை. இதில் ஒரு எண்ணாவது தப்பு என்று உங்களால் சொல்ல முடியுமா?